கெட்டவர்களாக நடித்தார், நல்லவர்களைத் தேடிப் போனார்: ரிச்சர்ட் அட்டன்பரோ

‘10 ரில்லிங்டன் பிளேஸ்’ படத்தில் ரிச்சர்ட் அட்டன்பரோ கிட்டத்தட்ட முழுப் படமும் கிசுகிசுத்தே பேசுகிறார். வழுக்கைத் தலை, கண்ணாடி, மழுங்கிப்போன பார்வை. வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தேநீர் தருகிறார். அவளுக்கு நெஞ்சுச் சளி. தனக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியும், ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு குழாயை நீட்டுகிறார். அந்தக் குழாயில் வருவது சமையல் எரிவாயு. அவள் மூச்சை இழுக்கத் தொடங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கொலைகாரனுக்குரியது என்று சினிமா நமக்குப் பழக்கிய எதுவும் அங்கே கிடையாது. எடுத்த காரியம் நடுவில் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றம்தான் தெரிகிறது. அந்தப் பதற்றம் நமக்கும் தெரிந்த ஒன்று என்பதால்தான் வயிற்றைப் பிசைகிறது.

நம் ஊரில் அட்டன்பரோ என்றால் இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, ‘காந்தி’ படத்தை எடுத்த வெள்ளைக்காரர். இன்னொன்று, ‘ஜுராசிக் பார்க்’கில் வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக டைனோசர்களைக் காட்டிப் பெருமைப்படும் தாத்தா. இந்த இரண்டுக்கும் முன்னால், சுமார் 40 வருடம் அவர் இங்கிலாந்தின் மிகச் சிறந்த திரைநடிகர்களில் ஒருவராக இருந்தார் என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அவர் நன்றாக நடித்ததெல்லாம் கோழைகள், ஏமாற்றுக்காரர்கள், மனைவிக்குப் பயந்தவர்கள், கொலைகாரர்கள். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தேடிப் போனது காந்தியை, தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்த ஸ்டீவ் பிக்கோவை, பெரிய மனிதர்களை. நடிகராக அவர் இருந்த உயரத்தை இயக்குநராக அவர் எட்டிய இடங்கள் குறைவு என்பது என் கருத்து. எட்டிய இடங்களிலெல்லாம் அவரை எட்ட வைத்தது அந்தப் பழைய நடிகர்தான் என்பதும் என் கருத்து.

1923 ஆகஸ்ட் 29 அன்று கேம்பிரிட்ஜில் பிறந்தார். அப்பா கல்லூரி ஆசிரியர். பின்னால் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். அந்தக் கல்லூரி வளாகத்தில்தான் மூன்று பையன்களும் வளர்ந்தார்கள். இரண்டாவது பையன் டேவிட், காட்டையும் கடலையும் உலகத்துக்கே தொலைக்காட்சியில் காட்டிய அதே டேவிட் அட்டன்பரோ. தம்பி பூச்சி, புதைபடிவம் என்று அலைந்தபோது, அண்ணன் ஊரிலிருந்த லிட்டில் தியேட்டர் மேடையே கதி என்று கிடந்தார்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து வந்த அகதிக் குழந்தைகளுக்காக அம்மா உழைத்தார். அப்பா, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவும் குழுவில் இருந்தார். 1939-ல் பெர்லினிலிருந்து இரண்டு யூதச் சகோதரிகள், சிறுமிகள், அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் போகும் வழியில் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். போர் மூண்டது; கப்பல் ஏற வழியில்லை. பெற்றோர் மூன்று பையன்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்தப் பெண்களை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம், நீங்கள் மூவரும் சரி என்றால்தான் என்றார்கள். உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம், அவர்களுக்கு யாரும் இல்லை, அதனால் உங்களைவிட அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே அன்பு காட்டுவோம், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். பையன்கள் சரி என்றார்கள். அந்தச் சிறுமிகள் ஏழெட்டு வருடம் அந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். தன் வாழ்க்கையைத் திருப்பிய நாட்களில் ஒன்று அது என்று அட்டன்பரோ கடைசிவரை சொல்லிவந்தார். அவர் பின்னால் எடுத்த படங்களின் பட்டியலைப் பார்த்தால் அது வெறும் பேச்சில்லை என்று தெரியும்.

உதவித்தொகை கிடைத்து லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். படிக்கும்போதே முதல் சினிமா: 1942-ல் வந்த ‘இன் விச் வி சர்வ்’. நோயல் கவர்டும் டேவிட் லீனும் சேர்ந்து இயக்கிய கடற்படைப் படம். போர்க்கப்பலின் அடித்தளத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன், சண்டையின் நடுவே பயந்துபோய்த் தன் இடத்தை விட்டு ஓடிவிடுகிறான். படத்தில் வருவது சில நிமிடம்தான். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரே விடுபட்டுப் போனது. ஆனால் தண்டனை கிடைக்கும் என்று காத்திருந்தவனுக்குத் தண்டனை கிடைக்காமல் போகும்போது அந்த முகம் படும் பாடு இருக்கிறதே, அது பெரிய கதாநாயகர்களுக்கே எளிதில் வராத நடிப்பு. வெட்கத்தை முகத்தில் காட்டத் தெரிந்த 18, 19 வயதுப் பையன்.

அதன் பிறகு அசல் போர். விமானப்படையில் விமானியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவரைப் படையின் திரைப்படப் பிரிவுக்கு மாற்றினார்கள். குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதியில், துப்பாக்கி வீரர் உட்காரும் இடத்தில் கேமராவோடு உட்கார்ந்து, குண்டுகள் எங்கே விழுந்தன என்று படம் எடுப்பதுதான் வேலை. பயிற்சியின்போது காதில் நிரந்தரமான பாதிப்பு ஏற்பட்டது. போர் முடியும் தறுவாயில், 1945 ஜனவரியில், ராடாவில் அறிமுகமான நடிகை ஷீலா சிம்மைத் திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணம் 69 வருடம் நீடித்தது.

‘பிரைட்டன் ராக்’ 1947-ல் வந்தது. கிரஹாம் கிரீனின் நாவல். மேடையில் ஏற்கெனவே அவர் நடித்த பாத்திரம். பிங்கி என்ற 17 வயது ரவுடி. கடற்கரை ஊர், குதிரைப் பந்தயம், சவரக்கத்தி. தான் செய்த கொலைக்குச் சாட்சியாகக்கூடிய ஒரு வெகுளிப் பெண்ணின் வாயை அடைக்க அவளையே கட்டிக்கொள்கிறான். கடற்கரைப் பாலத்தில் காசு போட்டால் குரலைப் பதிவு செய்து இசைத்தட்டாகத் தரும் கூண்டு ஒன்று இருக்கிறது. எனக்காக ஏதாவது பேசு என்று கெஞ்சுகிறாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். உன்னை நேசிக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய் என்று தொடங்கி, அவளை எவ்வளவு வெறுக்கிறான் என்று முழுவதையும் அந்தத் தட்டில் கொட்டுகிறான். கண்ணாடிக்கு வெளியே அவள் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் கேட்காது. அட்டன்பரோ இமைக்காமல் பேசுகிறார். முகம் குழந்தை முகம். அதனால்தான் அவ்வளவு பயங்கரம்.

இப்படி ஒரு முகம் கிடைத்ததில் சங்கடமும் இருந்தது. 30 வயதைத் தாண்டிய பிறகும் கோழைச் சிப்பாய், தறுதலைப் பையன் என்றே அழைப்புகள் வந்தன. 1952-ல் மேடையில் ஒரு துப்பறியும் நாடகம். அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’. முதல் நடிகர் குழுவில் காவல் அதிகாரியாக அட்டன்பரோ, கூடவே ஷீலா. சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து லாபத்தில் 10 சதவீதப் பங்கு வாங்கிக்கொண்டார்கள். சில மாதம் ஓடினால் போதும் என்று நினைத்த அந்த நாடகம் இன்றும் லண்டனில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும்.

தனக்கு வேண்டிய பாத்திரம் வெளியிலிருந்து வராது என்று புரிந்ததும், 1950-களின் கடைசியில் நண்பர் பிரையன் ஃபோர்ப்ஸோடு சேர்ந்து சொந்தமாகப் படம் தயாரிக்கத் தொடங்கினார். முதல் படம் ‘தி ஆங்ரி சைலன்ஸ்’, 1960. தொழிற்சாலையில் முறையாக அறிவிக்காத ஒரு வேலைநிறுத்தத்தில் சேர மறுக்கும் சாதாரணத் தொழிலாளி. கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அவனோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எழுதியவர், இயக்கியவர், நடித்தவர் எல்லோரும் முன்பணத்தை விட்டுக்கொடுத்து லாபத்தில் பங்குக்கு ஒத்துக்கொண்டதால்தான் அந்தப் படம் எடுக்க முடிந்தது. தொழிற்சங்கத்துக்கு எதிரான படம் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சங்கத்தில் இருந்தவர்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் ஊர்விலக்கு என்பது ஒரு மனிதனின் தோளை எப்படிக் கூனவைக்கும் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய நடிப்பு குறைவு.

1964-ல் இரண்டு படங்கள் வந்தன. ‘செயான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்’ படத்தில் ஆவிகளோடு பேசுவதாக நம்பும் மனைவிக்குக் கட்டுப்பட்டு, ஒரு குழந்தையைக் கடத்தும் பலவீனமான கணவர். ஒட்டுமூக்கு, தணிந்த குரல், மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். ‘கன்ஸ் அட் பட்டாசி’ படத்தில் அதற்கு நேர் எதிர்: ஆப்பிரிக்காவில் முகாமிட்டிருக்கும் பிரிட்டிஷ் படையின் சார்ஜென்ட் மேஜர், கூரை அதிரக் கத்துகிறவர், சாம்ராஜ்யம் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள முடியாதவர். இரண்டுக்கும் சேர்த்து, இங்கிலாந்தின் ஆஸ்கர் என்று சொல்லத்தக்க பாஃப்டாவின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்ப முடியாது. அதற்கு முந்தைய வருடம் ‘தி கிரேட் எஸ்கேப்’. ஸ்டீவ் மெக்குவீனின் மோட்டார் சைக்கிளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சுரங்கம் தோண்டும் திட்டத்தின் மூளையாக, ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் அட்டன்பரோதான் அந்தப் படத்தைத் தாங்கிப் பிடிக்கிறார்.

ரில்லிங்டன் பிளேஸுக்கு வருகிறேன். அது உண்மைக் கதை. லண்டனில் ஜான் கிறிஸ்டி என்பவர் வீட்டு மாடியில் திமதி எவன்ஸ் என்ற, எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத இளைஞர் மனைவி குழந்தையோடு குடியிருந்தார். மனைவியும் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். எவன்ஸ்மீது வழக்கு. நீதிமன்றத்தில் எவன்ஸுக்கு எதிரான முக்கியச் சாட்சியே கிறிஸ்டிதான். 1950-ல் எவன்ஸைத் தூக்கில் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து கிறிஸ்டியின் வீட்டில் பிணங்கள் கிடைத்தன. எவன்ஸுக்கு அரசு மன்னிப்பு வழங்கியது 1966-ல், செத்து 16 வருடம் கழித்து. 1971-ல் ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கிய படத்தை, இடிக்கப்படுவதற்குச் சற்று முன்னால் அதே தெருவில் எடுத்தார்கள். மரண தண்டனையை மறுபடி கொண்டுவர வேண்டும் என்ற குரல் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கிறிஸ்டியாக நடிப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றே அட்டன்பரோ சொன்னார். திரைக்கதையைப் படிக்காமலேயே ஒப்புக்கொண்டதற்குக் காரணம், தூக்குத் தண்டனைக்கு எதிராக இதைவிட வலுவாகப் பேச முடியாது என்று நம்பியதுதான். எவன்ஸாக ஜான் ஹர்ட். பேரறிவாளன் வழக்கு நடந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மரண தண்டனை பற்றி எவ்வளவோ பேசினோம்; அப்போது இந்தப் படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு.

இதற்கு நடுவில்தான் ‘காந்தி’ வருகிறது. 1962-ல், லண்டன் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்த மோதிலால் கோத்தாரி என்பவர் அட்டன்பரோவைத் தொடர்புகொண்டார். காந்தியைப் பற்றிப் படம் எடுங்கள் என்றார். அட்டன்பரோ அதுவரை ஒரு படம்கூட இயக்கியதில்லை. கோத்தாரி கொடுத்த லூயி ஃபிஷரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். தென்னாப்பிரிக்காவில் நடைபாதையில் நடந்து போன இந்தியர்கள், எதிரே வெள்ளையர் வந்ததும் சாக்கடை ஓரம் இறங்கி வழிவிட்டார்கள். அதைப் பார்த்த காந்தி, சக மனிதனை அவமானப்படுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை காண்கிறார்கள் என்பது எனக்கு என்றுமே புதிர் என்றார். இந்த இடத்தைப் படித்ததும் எடுத்தே தீருவது என்று முடிவெடுத்ததாக அட்டன்பரோ பல முறை சொல்லியிருக்கிறார். பெர்லினிலிருந்து வந்த சிறுமிகளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர் அந்த வரியில் நின்றதில் வியப்பில்லை.

மவுண்ட்பேட்டன் மூலம் நேருவைச் சந்தித்தார். என்ன செய்தாலும் அவரைக் கடவுளாக்கிவிடாதீர்கள், அந்தத் தப்பை நாங்கள் செய்துவிட்டோம், கடவுளாக்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரியவர் அவர் என்று நேரு சொன்னாராம். 1964-ல் நேரு போனார். 1970-ல் கோத்தாரியும் போனார், படத்தைப் பார்க்கவில்லை. திரைக்கதை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. அமெரிக்கப் படநிறுவனங்கள் கோவணம் கட்டிய கிழவரைப் பார்க்க யார் வருவார்கள் என்றன. 1975-ல் எமர்ஜென்சி வந்தது, மறுபடி தள்ளிப்போனது. நடுவில் அவர் இயக்கக் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்: 1969-ல் ‘ஓ! வாட் எ லவ்லி வார்’, 1972-ல் ‘யங் வின்ஸ்டன்’, 1977-ல் ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’. அதே 1977-ல் சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் ஜெனரல் ஊட்ரமாக வந்தார். அவத் நாட்டை நவாபிடமிருந்து பிடுங்க வந்த அதிகாரி. செய்யப்போவது அநியாயம் என்று உள்ளுக்குள் தெரிந்தும் செய்கிறவர். மறுபடியும் ஒரு கோணல் மனிதர், மறுபடியும் அருமையான நடிப்பு.

கடைசியில் பணம் பல திசைகளிலிருந்து வந்தது. இந்திரா காந்தியின் சம்மதத்தோடு, இந்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கணிசமான பங்கைப் போட்டது. வெளிநாட்டுக்காரருக்கு ஏன் நம் பணம் என்று இங்குள்ள திரைத்துறையினர் பலர் எதிர்த்தார்கள். இங்கிலாந்தில் கோல்ட்கிரெஸ்ட் நிறுவனம் துணை நின்றது. மொத்தச் செலவு சுமார் 2.2 கோடி டாலர். அப்படியும் கை கடித்தபோது அட்டன்பரோ தன்னிடம் மிச்சமிருந்த ‘மவுஸ்டிராப்’ பங்கையும் விற்றார். உலகிலேயே நீண்ட நாள் ஓடும் நாடகத்தின் பங்கு அது. தலைமுறைக்கும் சோறு போட்டிருக்கும்.

படப்பிடிப்பு 1980 நவம்பரில் தொடங்கி அடுத்த மே மாதம் முடிந்தது. இறுதி ஊர்வலக் காட்சியை, அசல் ஊர்வலம் நடந்து சரியாக 33 வருடம் கழித்து, 1981 ஜனவரி 31 அன்று டெல்லி ராஜபாதையில் எடுத்தார்கள். 11 கேமராக் குழுக்கள், சுமார் மூன்று லட்சம் பேர். பெரும்பாலோர் காசு வாங்காமல் தாமாக வந்தவர்கள். திரையில் அது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுமேல்தான் வருகிறது. கணினியில் கூட்டம் சேர்க்கும் காலத்துக்கு முந்தைய கடைசிப் பெரும் கூட்டம் அது. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

எங்கள் பள்ளியில் வரிசையாகக் கூட்டிக்கொண்டுபோய் இந்தப் படத்தைக் காட்டினார்கள். அந்த வயதில் ஜாலியன்வாலாபாக் கிணறு ஒன்றுதான் நினைவில் நின்றது. வயது ஏறி மறுபடி பார்த்தபோது வேறு ஒரு காட்சி பிடித்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டுகளை எரிக்கும் காட்சி. காந்தி சீட்டுகளை ஒவ்வொன்றாக நெருப்பில் போடுகிறார். போலீஸ்காரர் தடியால் அடிக்கிறார். விழுகிறார். தரையில் கிடந்தபடியே கை நீள்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, இன்னொரு சீட்டை எடுத்து நெருப்பில் போடுகிறது. மறுபடி அடி. மறுபடி கை. அடிக்கிறவர் முகத்திலும் ஒரு குழப்பம் ஏறுகிறது. பின்னணியில் வீராவேச இசை இல்லை. பயப்படுகிற உடம்பு, பயந்துகொண்டே வேலையைச் செய்கிறது. கப்பலில் தன் இடத்தை விட்டு ஓடிய பையனாக நடித்தவருக்குத்தான் இப்படி ஒரு துணிச்சலை எடுக்கத் தெரியும். பென் கிங்ஸ்லி என்ற, சினிமாவில் யாரும் அறியாத மேடை நடிகர்மீது மொத்தப் படத்தையும் ஏற்றிவைத்ததும் நடிகரின் கண்ணுக்குத்தான் சாத்தியம். ஓம் புரி வரும் காட்சியும் அப்படியே: கல்கத்தாவில் உண்ணாவிரதம் இருக்கும் காந்திமேல் ரொட்டியை வீசியெறிந்துவிட்டு, ஒரு குழந்தையைக் கொன்றேன், நான் நரகத்துக்குத்தான் போவேன் என்று கதறும் இந்து. சில நிமிடம்தான் வருகிறார். படம் முடிந்தும் கூடவே வருகிறார்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று மணிநேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அம்பேத்கர் ஒரு காட்சியில்கூட இல்லை. பூனா ஒப்பந்தம் இல்லை. ஒரு வாழ்க்கை முழுவதையும் ஒரு படத்தில் அடக்க முடியாது என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அது சரிதான். ஆனால் காந்தியைக் கடவுளாக்காதே என்று நேரு சொன்னதை உண்மையாகவே கேட்டிருந்தால், காந்தியோடு சரிக்குச் சரி நின்று வாதாடிய ஆளைத்தான் முதலில் உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். ஜப்பார் படேல் இயக்கத்தில் மம்மூட்டி நடித்த அம்பேத்கர் படம் வரப் பிறகு எத்தனை வருடம் ஆனது. அதன் தமிழ் வடிவம் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘காந்தி’ ஊரெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்ட படம் என்பதால் அந்த இல்லாமை ஒரு தலைமுறையின் மனதில் வரலாறாகவே பதிந்துவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை.

1983 ஏப்ரலில் எட்டு ஆஸ்கர். உடையலங்காரத்துக்காக ஜான் மோலோவோடு பகிர்ந்துகொண்ட பானு அத்தையா, ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் ஆனார். இந்தியா அட்டன்பரோவுக்கு பத்மபூஷண் கொடுத்தது. அந்த வருடம் தோற்றது ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’. அதுதான் ஜெயித்திருக்க வேண்டும், சினிமாவாக அதுதான் மேலானது என்று அட்டன்பரோவே வெளிப்படையாகச் சொன்னார். பத்து வருடம் கழித்து ‘ஜுராசிக் பார்க்’குக்கு அவரைத் தேடி அழைத்தவர் அதே ஸ்பீல்பெர்க். 1970-களின் கடைசியிலிருந்து நடிப்பதையே நிறுத்தியிருந்தவர் அதற்காகத் திரும்பி வந்தார்.

1987-ல் ‘க்ரை ஃப்ரீடம்’. தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் 1977-ல் உயிரிழந்த ஸ்டீவ் பிக்கோவின் கதை. பிக்கோவாக டென்சல் வாஷிங்டன். நிறவெறி அரசு அப்போதும் ஆட்சியில் இருந்தது; அதனால் பக்கத்து ஜிம்பாப்வேயில் எடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் படம் வெளியான அன்றே போலீஸ் படச்சுருள்களைப் பறிமுதல் செய்தது. துணிச்சலான காரியம். ஆனால் பிக்கோ பாதிப் படத்திலேயே இறந்துவிடுகிறார். மீதிப் பாதி ஒரு வெள்ளைப் பத்திரிகையாளர் தப்பிப்பது பற்றியது. வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தால்தான் மேற்கத்தியப் பார்வையாளர்கள் வருவார்கள் என்ற கணக்கு அதில் தெரிகிறது. பிக்கோவுக்கு அது நியாயம் செய்யவில்லை. 1993-ன் ‘ஷேடோலேண்ட்ஸ்’ எனக்கு அவர் இயக்கியதிலேயே நெருக்கமான படம். எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ், நடுவயது தாண்டி வந்த காதல், மனைவிக்குப் புற்றுநோய். கூட்டம் இல்லை, சரித்திரம் இல்லை. ஆண்டனி ஹாப்கின்ஸும் டெப்ரா விங்கரும் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். இப்படி இன்னும் நாலு படம் அவர் எடுத்திருக்கலாம்.

நேரம் எங்கே? ராடாவின் தலைவர், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தலைவர், சேனல் 4 தலைவர், செல்சீ கால்பந்து அணியின் இயக்குநர், பிரபுக்கள் சபை உறுப்பினர், சசெக்ஸ் பல்கலைக்கழக வேந்தர். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். வீட்டில் இருந்த நேரம் குறைவு.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் கடலூரையும் முல்லைத்தீவையும் அடித்துப்போன அதே அலை, தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் விடுமுறைக்குப் போயிருந்த அவர் குடும்பத்தின் மேலும் விழுந்தது. மூத்த மகள், 15 வயதுப் பேத்தி, மகளின் மாமியார் மூவரும் இறந்தார்கள். இன்னொரு பேத்திக்குப் பலத்த காயம். வேலை வேலை என்று ஓடி மகளோடு இருக்க வேண்டிய நேரத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அதன் பிறகு அவர் பேட்டிகளில் மறைக்காமல் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நம் கரையோரத்தில் எத்தனையோ அப்பாக்கள் சொன்ன அதே வார்த்தைகள். அவரும் ஷீலாவும் 1950-களிலிருந்து சேர்த்துவைத்திருந்த பிக்காசோவின் பீங்கான் படைப்புகளை, இறந்தவர்களின் நினைவாக 2007-ல் லெஸ்டர் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அதே ஆண்டு வந்த ‘க்ளோசிங் தி ரிங்’ அவரது கடைசிப் படம். அதை அவசியம் பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

எடுக்க முடியாமல் போனது ஒன்று உண்டு. அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகள் இரண்டிலும் பங்கெடுத்த இங்கிலாந்துக்காரர் தாமஸ் பெயின் பற்றிய படம். டிரெவர் கிரிஃபித்ஸ் எழுதிய திரைக்கதை கையில் இருந்தது. ‘காந்தி’க்குத் தேடியதைப் போலவே வருடக்கணக்கில் பணம் தேடினார், இந்த முறை கிடைக்கவில்லை. 2008-ல் வீட்டில் தவறி விழுந்தார், பக்கவாதம் வந்தது, சக்கர நாற்காலி. ஷீலாவுக்கு மறதி நோய். கடைசியில் இருவரும் லண்டனில் நடிகர்களுக்காகவே நடத்தப்படும் முதியோர் இல்லத்தில் சேர்ந்தார்கள். 2014 ஆகஸ்ட் 24 அன்று, 91 ஆக ஐந்து நாள் இருக்கும்போது இறந்தார். ஒன்றரை வருடத்தில் ஷீலாவும் போய்விட்டார்.

அவரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் ‘காந்தி’யில் தொடங்க வேண்டாம். முதலில் ‘பிரைட்டன் ராக்’, அடுத்து ‘செயான்ஸ்’, பிறகு ‘10 ரில்லிங்டன் பிளேஸ்’. மூன்றும் பழைய படங்கள்தான், ஆனால் ஒரு இடத்திலும் தொய்வு கிடையாது. ரில்லிங்டன் பிளேஸை மட்டும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். இவற்றுக்குப் பிறகு ‘காந்தி’யைப் போடுங்கள், சீட்டு எரிக்கும் அந்தக் காட்சி வரும்போது போலீஸ்காரராக நடித்தவரின் முகத்தையும் கவனியுங்கள்.